ஜானகி அம்மாள் எண்ணியவை

மூன்று ஆண்டுகளுக்கு முன் மகளிர் தினத்தன்று எங்கள் கல்லூரி அரங்கில் என்னைப் பேசச் சொன்னார்கள். தமிழ்த்துறை ஆசிரியை, கவிதையும் எழுதுகிறவள் என்பதால் ஆண்டுதோறும் அந்த வேலை என் தலையில்தான் விழும். வழக்கம்போல ஒரு பட்டியலோடு போனேன். முதல் பெண் மருத்துவர், முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், முதல் பெண் பொறியாளர் என்று போகிற பட்டியல். அந்த வரிசையில் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று ஜானகி அம்மாளையும் சொன்னேன். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது தாவரவியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி பின்னாலேயே வந்தாள்.

"மேடம், ஜானகி அம்மாள் என்ன கண்டுபிடிச்சாங்க?"

"கரும்புல ஆராய்ச்சி பண்ணாங்கம்மா. நம்ம ஊர்க் கரும்பை இனிப்பாக்கினதே அவங்கதான்."

"அது வெங்கட்ராமன் சார் இல்லையா மேடம்? எங்களுக்கு அப்படித்தான் நடத்தினாங்க. ஜானகி அம்மாள் வர்றதுக்கு முன்னாடியே கோ 205 வந்துடுச்சே."

அவள் கேட்டதில் எந்தக் குத்தலும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத்தான் பதில் தெரியவில்லை. 'பார்த்துச் சொல்றேன்' என்று நகர்ந்துவிட்டேன். மேடையில் ஒரு பெண்ணைப் புகழ்ந்துவிட்டு, அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை என்னவென்று ஒரு வரிகூடச் சொல்லத் தெரியாமல் நின்றது வீட்டுக்குப் போன பிறகும் உறுத்தியது. இந்தக் கட்டுரை அந்த மாணவிக்கு நான் தர வேண்டிய பதில். தாமதமாகத்தான் தருகிறேன்.

அவள் சொன்னது சரிதான். கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கியது. 'வெள்ளை' என்கிற தடித்த கரும்போடு ஆற்றோரம் வளரும் காட்டு நாணலைக் கலந்து உருவாக்கிய கோ 205, 1918இல் வெளிவந்துவிட்டது. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் அந்த வேலையின் முன்னோடிகள். ஜானகி அம்மாள் அங்கே சேர்ந்தது 1934இல். 'கரும்பை இனிப்பாக்கிய பெண்' என்று நாம் பகிர்ந்துகொள்ளும் வாசகம், அவர் செய்யாத ஒன்றுக்காக அவரைப் பாராட்டுகிறது. அவர் செய்ததை அப்படியே விட்டுவிடுகிறது.

*

அவர் செய்தது எண்ணுதல். செடிகளின் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணினார். அந்த எண்ணிக்கையை வைத்து, ஒரு செடி எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது, வழியில் எதோடு கலந்தது என்று படித்தார். எந்த உயிர் எந்த நிலத்தில் ஏன் இருக்கிறது என்று கேட்கும் துறைக்கு உயிர்ப்புவியியல் என்று பெயர். ஜானகி அம்மாள் அந்தக் கேள்வியை நுண்ணோக்கி வழியாகக் கேட்டவர்.

எண்ணுவது என்றால் என்னவென்று பார்க்க, எங்கள் கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்துக்குப் போனேன். இருபது ஆண்டுகளாக அதே வளாகத்தில் வேலை செய்கிறேன். அன்றுதான் முதல்முறையாக உள்ளே நுழைந்தேன். அங்கிருக்கும் தோழி ஒருவர் சிரித்துக்கொண்டே ஒரு வெங்காயத்தைக் காட்டினார். தண்ணீர் நிரப்பிய சின்னக் குப்பியின் வாயில் வெங்காயத்தை உட்காரவைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர்விடும். வேரின் நுனியில் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். செல் பிரியும்போதுதான் குரோமோசோம்கள் தடித்துத் தனித்தனியாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து நுனியை வெட்டி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போட வேண்டும். எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையிலேயே செல்கள் நின்றுவிடும். பிறகு கார்மைன் சாயத்தில் ஊறவைத்து, ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, ஸ்லைடில் வைத்து, மேலே கவர் ஸ்லிப் மூடி, ஊசியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். கடைசியில் மையொற்றுத் தாளை மடித்து வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. விரல் நகர்ந்தால் எல்லாம் வீண்.

வெங்காயத்துக்கு எண்ணிக்கை பதினாறு. நெல்லுக்கும் கத்தரிக்கும் இருபத்து நான்கு. நான் அன்று அரைமணி நேரம் பார்த்தும் பதினாறை எண்ண முடியவில்லை. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் சிவப்பு நூல்துண்டுகளில் எது எங்கே முடிகிறது என்று புரியவில்லை. தடித்த கரும்புக்கு எண்பது. காட்டு நாணலுக்கு இடத்துக்கு இடம் நாற்பதிலிருந்து நூற்று இருபத்தெட்டு வரை. இன்றைய கேமராக்களும் கணினியும் இல்லாத காலத்தில் ஜானகி அம்மாள் அவற்றை எண்ணினார்.

அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய கருவியைத் தோழி எடுத்துக் காட்டினார். கேமரா லூசிடா. பெயரில்தான் கேமரா இருக்கிறது. நுண்ணோக்கியின் கண்வில்லைமேல் பொருத்தும் ஒரு பட்டகமும் பக்கவாட்டில் ஒரு கண்ணாடியும்தான் அது. உள்ளே தெரியும் உருவம், பக்கத்தில் விரித்த தாளின்மேல் விழுந்ததுபோலத் தெரியும். பென்சில் முனையையும் உருவத்தையும் சேர்த்தே பார்த்து வரைந்துகொள்ளலாம். அந்தக் காலச் செல்லியல் கட்டுரைகளில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் இப்படி வரைந்தவைதான். கண், கழுத்து, கை மூன்றும் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிலைத்திருக்க வேண்டும். பூ கட்டும், நெல் புடைக்கும் கைகளின் பொறுமை இது என்று எழுதத் தோன்றியது. எழுதி அடித்துவிட்டேன். பெண்ணுக்குப் பொறுமை பிறவிக்குணம் என்று சொல்லித்தான் நுண்வேலைகளைக் குறைந்த கூலிக்கு அவள் மடியில் போடுகிறார்கள். இது ஆண்டுக்கணக்கில் பயின்று பெறும் திறமை.

சாயத்துக்கும் ஒரு பயணக் கதை இருக்கிறது. கார்மைன் என்பது சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுப்பது. பூச்சிக்கும் கள்ளிக்கும் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர், அந்தப் பூச்சியை வளர்க்கவேண்டிச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். நம் வேலியோரக் கள்ளி வெளியூரிலிருந்து வந்தது என்பதையே எனக்கு அந்தச் சிவப்புத் துளிதான் சொல்லிக்கொடுத்தது.

*

ஜானகி அம்மாள் 1897இல் தலச்சேரியில், மலபாரின் தீயர் சமூகத்தில் பிறந்தவர். தலச்சேரி அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. தந்தை துணை நீதிபதி. பெரிய குடும்பம், உடன்பிறந்தவர்கள் ஏராளம். பள்ளி முடித்துச் சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். 1914இல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி. பிறகு மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் ஆனர்ஸ். அதன்பின் மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியை. உறவில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அதே நேரத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பார்பர் உதவித்தொகை கிடைத்தது. ஆசியப் பெண்களுக்கென்றே 1917இல் ஏற்படுத்தப்பட்ட உதவித்தொகை அது. அவர் கப்பலேறினார். 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

இந்தப் பத்தியோடு பல கட்டுரைகள் 'சாதனை' என்று முடித்துவிடுகின்றன. இல்லாவிட்டால் சேலைக்குள் ஓர் அணில்குட்டியை ஒளித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார் என்ற கதைக்குத் தாவுகின்றன. எனக்கும் அந்த அணில் பிடிக்கும். ஆனால் ஒரு ஆண் விஞ்ஞானியின் வரலாற்றில் அணில் எத்தனை பக்கம் பெறும் என்று யோசிக்கிறேன்.

திருவனந்தபுரத்தில் இரண்டு ஆண்டுகள் கற்பித்த பிறகு 1934இல் கோயம்புத்தூர் வந்தார். அங்கே அவருடைய கேள்வி நாணலைப் பற்றியது. தடித்த கரும்பில் சாறு அதிகம். ஆனால் நோயையும் வறட்சியையும் தாங்காது. நாணல் தாங்கும். இரண்டையும் கலக்கும்போது செல்லுக்குள் என்ன நடக்கிறது? எந்த நாணலுக்கு எத்தனை குரோமோசோம்? ஒரே நாணல் இனம்தான். கோயம்புத்தூரில் அதன் எண்ணிக்கை 64. வேறு நிலங்களில் வேறு. எண்ணிக்கை வேறுபடும் விதத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டால் அந்தப் புல் பரவிய திசை தெரியத் தொடங்கும். நாணலின் பிறப்பிடம் இந்தியா என்ற முடிவுக்கு வலுச்சேர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். கரும்பைச் சோளம், மூங்கில் போன்ற வேறு புல்லினங்களோடு கலந்து பிறந்த செடிகளின் செல்களையும் ஆராய்ந்து எழுதினார். மக்காச்சோளத்தோடு கரும்பைக் கலந்த ஆய்வு அவருடையது.

இங்கே தமிழ்க்காரியாக எனக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் இரண்டு இடங்களில் (99, 392) சொல்கிறார். எம்.ஏ. வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அரசனைப் புகழும் வரி என்று விளக்கிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருக்கிறேன். இது தாவரவியல் சான்று என்று வாதாட மாட்டேன். ஆனால் கரும்பு எப்போதும் இங்கேயே இருந்ததல்ல, யாரோ கொண்டுவந்தது என்ற நினைவு அந்தப் பாட்டில் இருக்கிறது. பயிரிடும் தடித்த கரும்பு நியூகினித் தீவில் உருவானது என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. செடிக்கும் ஒரு பயணம் உண்டு என்பதை ஒரு பெண் கவி பதிந்துவைத்தார். தகடூருக்குச் சற்றுத் தள்ளிக் கோயம்புத்தூரில் இன்னொரு பெண் அந்தப் பயணத்தை எண்ணிக்கையாக எழுதினார்.

'திணைதான் உயிர்ப்புவியியல், எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று மேடையில் சொன்னால் நல்ல கைதட்டல் கிடைக்கும். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. திணை, இந்த நிலத்தில் இந்தப் பூ என்று வகுத்துவைக்கிறது. ஆய்வகம், அந்தப் பூ இங்கே எப்படி வந்தது என்று கேட்கிறது. இரண்டும் வேறு வேலைகள். குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பற்றி என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் இயலே எழுதியவள் நான். அவற்றில் பாதியைக்கூட நேரில் கண்டு சொல்ல எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

கோயம்புத்தூரில் அவர் தங்கியது ஐந்தே ஆண்டுகள். தனியாக வாழும் பெண், 'தாழ்ந்த' சாதி என்று முத்திரை குத்தப்பட்டவர் என்ற இரண்டு காரணங்களாலும் அங்கே சக ஆண்களோடு ஒத்துப்போக முடியாத நிலை ஏற்பட்டதாக அவரை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

*

லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் அவருக்கு உதவிச் செல்லியலாளர் வேலை. குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கடியில் பதுங்கி, காலையில் ஆய்வக அலமாரியின் கண்ணாடிச் சில்லுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவாராம். அந்தப் போர்க்காலத்தில் சிரில் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் தொகுத்த நூல்தான் 1945இல் வெளிவந்த பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ். உலகெங்கும் பலர் பல மொழிகளில் எழுதிய கட்டுரைகளில் சிதறிக்கிடந்த எண்களைத் தேடி, சரிபார்த்து, குடும்பம் குடும்பமாக அடுக்கி, எந்தச் செடிக்கு எத்தனை, அதன் தாயகம் எது என்று ஒரே இடத்தில் வைத்தார்கள். மனிதர்கள் தங்களோடு சுமந்துசென்ற செடிகளின் வரலாறு அது.

1955இல் அந்த நூலின் இரண்டாம் பதிப்பு விரிவாக்கப்பட்டுப் பூக்கும் தாவரங்களின் அட்லஸாக வந்தபோது, டார்லிங்டனோடு தலைப்புப் பக்கத்தில் இருந்த பெயர் ஏ. பி. வைலி. அவரும் ஒரு பெண், நியூசிலாந்துக்காரர். முதல் பதிப்பிலும் இரண்டாம் பதிப்பிலும் ஆண் பெயர் அப்படியே நிற்கிறது. பக்கத்துப் பெயர் மாறியிருக்கிறது. ஜானகி அம்மாள் அதற்குள் நாடு திரும்பியிருந்தார் என்பதும் உண்மை. குற்றம் சாட்டவில்லை, கவனிக்கச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இனங்களுக்கிடையே பிறப்பிலேயே ஏற்றத்தாழ்வு உண்டு என்று பிற்காலத்தில் வாதிட்டவர் டார்லிங்டன். ஜானகி அம்மாள் நாடு திரும்பிய பிறகும் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நாம் மீட்டெடுக்கும் பெண்கள் நமக்கு வசதியான உறவுகளை மட்டும் வைத்திருந்தவர்கள் அல்ல. அறிவின் கதவு யார் கையில் இருந்ததோ அவர்களோடுதான் அவர்கள் பேச வேண்டியிருந்தது.

1945 முதல் 1951 வரை விஸ்லியில் அரச தோட்டக்கலைச் சங்கத்தில் வேலை. அங்கே மக்னோலியா விதைக்கன்றுகளின் குருத்தில் கொல்கிசின் கரைசலை இட்டு, அவற்றின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார். எண்ணிக்கை பெருகுவதைப் பன்மடியம் என்கிறார்கள். அந்தக் கன்றுகளில் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வெள்ளைப் பூ பூக்கும் மரம். கொல்கிசின் நமக்கு அந்நியப் பொருள் இல்லை. செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதுதான். பெண்ணின் விரலுக்குச் சங்கக் கவிஞர்கள் உவமை சொன்ன காந்தள். கிராமத்தில் பெண்கள் வாழ முடியாமல் அரைத்துத் தின்ற கலப்பைக் கிழங்கும் அதுதான். என் பாட்டி ஊரில் அப்படிப் போனவளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் நான். செல் பிரியும் வேளையில் குரோமோசோம்கள் இரு பக்கமும் போகவிடாமல் தடுக்கிறது அந்த நஞ்சு. அளவோடு தொட்டால் செல்லில் எண்ணிக்கை இரட்டிக்கிறது. உடம்பில் ஏறினால் ஆளைக் கொல்கிறது. அதை அளவறிந்து கையாண்ட ஒரு பெண் இருந்தார் என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருக்கிறது.

*

1951இல் நேருவின் அழைப்பில் திரும்பினார். இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் சிறப்பு அலுவலர் பொறுப்பு. வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து சேகரித்து எடுத்துப்போன உலர்தாவரங்கள் அங்கேயே இருக்கின்றன, இந்தியத் தாவரங்களை இந்தியர்களே இந்திய மண்ணில் நின்று படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் துறையின் தலைமைப் பதவி, பழைய கியூ தோட்ட மரபைச் சேர்ந்தவர் என்று அவர் கருதிய ஒருவருக்குப் போனது. மத்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த இவர் அவருக்குக் கீழே வேலை செய்ய வேண்டியதாயிற்று. இந்தியத் தாவரவியலுக்கே இது தோல்வி என்று டார்லிங்டனுக்கு எழுதினார்.

இருந்தும் வேலையை விடவில்லை. இமயமலைத் தாவரங்களின் எண்ணிக்கைகளை ஒப்பிட்டு அவர் கண்டது இது: குளிரும் வறட்சியுமான வடமேற்கு இமயத்தைவிடக் குளிரும் ஈரமுமான வடகிழக்கில் புதிய இனங்கள் அதிகம் தோன்றுகின்றன. அதற்குப் பன்மடியம் ஒரு காரணம். சீனத் தாவரங்களும் மலேயத் தாவரங்களும் வடகிழக்கில் இந்தியத் தாவரங்களைச் சந்தித்து இயற்கையாகவே கலந்தது இன்னொரு காரணம். மாணவி கேட்டாளே, என்ன கண்டுபிடித்தார் என்று. இது அதற்கு ஒரு நேரடியான பதில். மலை ஏறி, செடி சேர்த்து, செல்லை எண்ணி, வரைபடத்தில் வைத்துப் பார்த்துச் சொன்ன முடிவு.

அந்தப் பயணங்களில் ஒருமுறை, ஒரு மக்னோலியா இனத்தில் அந்தப் பகுதியில் எஞ்சியிருந்த ஒரே மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போனார். போய்ச் சேர்ந்தபோது மரம் எரிக்கப்பட்டிருந்தது. அதையும் கடிதத்தில் எழுதியிருக்கிறார். உணவு உற்பத்தியைப் பெருக்குவது என்ற பேரில் காடுகள் அழிந்துகொண்டிருந்த காலம்.

1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், பூமியின் முகத்தை மனிதர் மாற்றிய விதம் குறித்து ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. அதற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர்தான் என்று பதிவுகள் சொல்கின்றன. அவர் கட்டுரை இந்தியாவின் வாழ்வாதாரப் பொருளாதாரம் பற்றியது. பழங்குடிகளின் பயிர் அறிவையும், தாய்வழிச் சமூகங்களில் நிலத்தையும் செடிகளையும் நிர்வகித்த பெண்களின் இடத்தையும் அங்கே எடுத்துப் பேசினார். சூழல் பெண்ணியம் என்ற சொல் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு அது.

*

1970 நவம்பரில் அவர் மறுபடி சென்னைக்கு வந்தார். வயது 73. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஓய்வுக்குப் பிந்தைய கௌரவ விஞ்ஞானி. எம். ஓ. பி. ஐயங்கார் பாசிகளை ஆராய்ந்த, டி. எஸ். சதாசிவன் பயிர்நோய்களை ஆராய்ந்த புகழ்பெற்ற துறை அது. அதன் கள ஆய்வகம் நகருக்கு வெளியே மதுரவாயலில் இருந்தது. அங்கேதான் தங்கினார், அங்கேதான் வேலை செய்தார். மூலிகைத் தோட்டம் போட்டார். பூனைகள் வளர்த்தார். எழுதிக்கொண்டிருந்தார். பதினான்காம் ஆண்டில், 1984 பிப்ரவரி 7 அன்று, அங்கேயே இறந்தார்.

கோயம்பேட்டிலிருந்து பூந்தமல்லி போகும் பேருந்தில் மதுரவாயலை நான் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். பாலம், பாலத்துக்கடியில் நெரிசல், லாரிச் சத்தம். இந்தியாவின் மிகப் பெரிய தாவரவியலாளர்களில் ஒருவர் இங்கே வெள்ளரிக்கும் வேம்புக்கும் நடுவே நுண்ணோக்கியில் குனிந்திருந்தார் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது அந்த மகளிர் தினத்துக்குப் பிறகுதான்.

மதுரவாயலில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்குப் போராட்டம் எழுந்தது. குந்திப்புழா ஆற்றில் அணைகட்டி மின்சாரம் எடுக்கும் திட்டம். சுகதகுமாரி போன்ற கவிஞர்கள் மரங்களுக்காகப் பாடினார்கள். ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். எண்பதைத் தொட்ட ஜானகி அம்மாள், தண்ணீரில் மூழ்கப்போகிற காட்டின் மரங்களுக்குக் குரோமோசோம் கணக்கெடுப்பது என்று முடிவுசெய்தார். அதைத் துணிகர வேலை என்று அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். கவிஞர் பாடியபோது, அவர் எண்ணப் புறப்பட்டார். கைவிடப்பட்ட அந்தத் திட்டத்தின் இடத்தில் 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஒன்பது மாதம் முந்திப் போய்விட்டார்.

அவர் தன்னைப் பற்றி எழுதிவைக்கவில்லை. தன் வேலை நிலைக்கும் என்று நம்பினார். வேலை தானாக நிலைப்பதில்லை. யாராவது எடுத்துப் படிக்க வேண்டும், படித்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும். 'முதல் பெண்' என்ற பட்டத்தைச் சூட்டிவிட்டு நகர்கிறபோது, அவளுக்கு ஒரு மாலை போட்டு அறையைப் பூட்டிவிடுகிறோம். நான் செய்ததும் அதுதான்.

*

மறு ஆண்டு மகளிர் தினத்துக்குப் பட்டியல் தயாரிக்கவில்லை. தோழியிடம் கேட்டு ஆய்வகத்தைத் திறந்துவைக்கச் சொன்னேன். வெங்காய வேர், கார்மைன், நான்கு நுண்ணோக்கிகள். எல்லாத் துறை மாணவிகளும் வந்து எண்ணிப் பார்க்கட்டும் என்றோம்.

ஸ்லைடுகளைத் தயார்செய்தது ஆய்வக உதவியாளர் அக்கா. பத்தொன்பது வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார். முந்தின நாள் காலை வேரை வெட்டும்போது பக்கத்தில் நின்றேன்.

"மத்தியானம் வெட்டினா ஒண்ணும் தெரியாது மேடம். காலையில எட்டு, ஒம்பது மணிக்கு வெட்டிடணும். அப்பத்தான் பிரிஞ்சுக்கிட்டு இருக்கும்."

"யாருக்கா சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் சொல்லல. வெட்டி வெட்டிப் பாத்ததுதான். நல்லா வந்துச்சுன்னு பிள்ளைங்க சொல்ற நாளைக்கு எத்தனை மணிக்கு வெட்டினேன்னு மனசுல வச்சுக்குவேன்."

இது சோதனை, பதிவு, முடிவு. ஆராய்ச்சி என்று நாம் சொல்வதும் இதைத்தான். மதுரவாயலில் ஜானகி அம்மாளுக்குத் தோட்டத்தில் தண்ணீர் விட்டவர்களும், ஸ்லைடு கழுவியவர்களும், பள்ளத்தாக்கில் இது இந்த மரம் என்று காட்டிக்கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். அட்லஸின் எந்தப் பக்கத்திலும் அவர்களுக்கு வரி இல்லை.

கூட்டம் குறைந்த பிறகு, "நீங்க பாத்தீங்களாக்கா?" என்று கேட்டேன். "போட்டுத்தான் குடுப்பேன், உக்காந்து பாத்ததில்ல" என்றார். தோழி நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பதினஞ்சு" என்றார். பிறகு, "இருங்க, ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கு" என்று திருகைச் சற்றே நகர்த்தினார். "பதினாறு."

அந்த மாணவி இப்போது வேறு ஊரில் முதுகலை படிக்கிறாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "ரெண்டு வருஷம் டைம் கேட்டிருக்கேன் மேடம்" என்று போன வாரம் பேசினாள். செல்லியலை எடுத்திருக்கிறாளாம். அவளுக்காகத்தான் இதை எழுதினேன். இதில் எங்காவது எண் தப்பாக இருந்தால் அவள் சொல்லிவிடுவாள்.